கடல்முனைக் கோட்டைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடல்முனைக் கோட்டை என்று எதைச் சொல்கிறார்கள்?

கடலுக்குள் நீண்டு நிற்கும் ஒரு நிலமுனை. மூன்று பக்கமும் செங்குத்துப் பாறை, கீழே அலை. நான்காவது பக்கத்தில் மட்டும் ஒரு குறுகிய கழுத்து அதை நிலத்தோடு சேர்க்கிறது. அந்தக் கழுத்தின் குறுக்கே அகழி வெட்டி, அதற்கு உட்புறம் மண்கரையோ கல்மதிலோ எழுப்பி, நடுவில் ஒரு வழி விட்டால் அதுதான் கடல்முனைக் கோட்டை. கொத்தளம், கோபுர வாசல் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். பல இடங்களில் மிஞ்சியிருப்பது புல் மூடிய ஆளுயர மேடும், அதன் முன்னால் ஒரு பள்ளமும் மட்டுமே.

கழுத்தில்லாத வகையும் உண்டு. பாறை விளிம்பிலிருந்து கிளம்பி, அரைவட்டமாக வளைந்து, மறுபடி விளிம்பிலேயே போய் முடியும் மதில். இதைப் பாறைவிளிம்புக் கோட்டை என்று தனியாகப் பிரிப்பார்கள். எல்லாரும் படத்தில் பார்த்திருக்கும் அயர்லாந்தின் டூன் ஏங்கஸ் இந்த இரண்டாவது வகை.

எந்தெந்தக் கடற்கரைகளில் இருக்கின்றன?

அட்லாண்டிக் ஓரம் முழுக்க. அயர்லாந்தின் மேற்கு, தெற்குக் கரைகளில் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. வேல்ஸில் பெம்ப்ரோக்‌ஷயர் கரையில் மட்டும் 50க்கு மேல். இங்கிலாந்தின் கார்ன்வால், ஐரிஷ் கடலில் உள்ள மான் தீவு, ஸ்காட்லாந்து, ஷெட்லாந்து, பிரான்ஸின் பிரிட்டனி என்று பட்டியல் நீளும். பெரும்பாலானவை இரும்புக் காலத்தவை, அதாவது ஏறத்தாழ கி.மு. 800க்குப் பிறகு எழுந்தவை. வெண்கலக் காலத்தில் தொடங்கியவையும் உண்டு, கி.பி. ஆயிரம் வரை ஆள் இருந்தவையும் உண்டு. ஒரே காலத்தில் ஒரே இனத்தார் கட்டிய வரிசை என்று நினைத்துவிடக் கூடாது. இப்படிப்பட்ட முனை எங்கே கிடைத்தாலும் மனிதனுக்குத் தோன்றக்கூடிய யோசனைதான் இது.

காற்றடிக்கும் முனையை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்?

கணக்குப் போட்டால் விளங்கிவிடும். ஒரு ஹெக்டேர் நிலத்தைச் சமவெளியில் வட்டமாக வளைத்துக் கரை போட வேண்டுமானால் சுற்றளவு சுமார் 354 மீட்டர். அதே ஒரு ஹெக்டேர் முனைக்கு 60 மீட்டர் கழுத்தை அடைத்தால் போதும். ஆறில் ஒரு பங்கு வேலை. மிச்சத்தைக் கடல் பார்த்துக்கொள்ளும்.

அந்த 60 மீட்டருக்கு எவ்வளவு மண்? மேலே 5 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம், அடியில் கூராக முடியும் அகழி என்று வைத்துக்கொள்வோம். குறுக்குவெட்டு 5 சதுர மீட்டர். மொத்தம் 300 கன மீட்டர். வெட்டிய மண் உதிர்ந்து பருத்து, கால் பங்கு கூடும். அதை உட்புறம் கொட்டினால் அடியில் 5 மீட்டர் அகலமும் 2.5 மீட்டர் உயரமும் கொண்ட கரை எழும்பும். அகழியின் அடியில் நிற்பவன் ஏறிக் கடக்க வேண்டியது 4.5 மீட்டர். ஓர் ஆள் ஒரு நாளில் ஒரு கன மீட்டர் வெட்டிச் சுமப்பான் என்று கொண்டால் 300 ஆள்நாள், அதாவது 20 பேருக்கு 15 நாள். அடியில் பாறை தட்டினால் இரு மடங்கும் ஆகலாம். எப்படிப் பார்த்தாலும் சில குடும்பங்கள் சேர்ந்து, அறுப்புக்கும் விதைப்புக்கும் நடுவில் முடித்துவிடக்கூடிய வேலை. பெரிய அரசன் ஒருவன் இருந்தே தீர வேண்டும் என்பதில்லை.

கரையை எப்படிக் கட்டினார்கள்? எதில் கோட்டை விட்டார்கள்?

எளிமையான முறை, அகழி மண்ணை அப்படியே உட்புறம் குவிப்பது. இதில் கவனிக்க வேண்டியது அகழியின் உதட்டுக்கும் கரையின் காலுக்கும் நடுவே விடும் நடைபாதை அளவு இடைவெளி. அதை விடாமல் கரையை விளிம்பிலேயே ஏற்றினால், முதல் மழைக்காலத்தில் அகழியின் பக்கம் சரியும்போது கரையும் கூடவே இறங்கிவிடும். அகழியின் பக்கங்கள் எவ்வளவு வேகமாகச் சரியும் என்பதைக் கண்ணால் பார்க்கவே 1960இல் இங்கிலாந்தின் ஓவர்டன் டவுனில் சோதனைக்காக ஒரு கரையும் அகழியும் அமைத்தார்கள். 2, 4, 8, 16, 32 ஆண்டுகளில் அதை வெட்டிப் பார்த்தார்கள். மாற்றத்தின் பெரும்பகுதி முதல் சில ஆண்டுகளிலேயே நடந்து முடிந்திருந்தது. சுண்ணக்கட்டி நிலத்தில் நடந்த சோதனை அது. இருந்தாலும் பாடம் பொதுவானது. இன்று முழங்கால் ஆழத்தில் வழுவழுப்பாகக் கிடக்கும் பள்ளம், வெட்டிய அன்று கூரிய அகழியாக இருந்திருக்கும்.

கல் கிடைக்கும் இடத்தில் சாந்தில்லாமல் அடுக்கினார்கள். வெளிமுகத்துக்கும் உள்முகத்துக்கும் பெரிய கற்கள், நடுவில் சிறு கல்லும் மண்ணும். இதிலுள்ள ஆபத்து நடுக்கூடு. மழைநீர் உள்ளே இறங்கி, சிறு கற்கள் தாழ்ந்து, முகத்தை வெளியே தள்ளும். சுவர் வயிறு தள்ளியதுபோல உப்பி, ஒரு நாள் வெடித்துச் சரியும். அயர்லாந்தின் மேற்குக்கரைக் கொத்தர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். ஒரே தடித்த சுவராகக் கட்டாமல், ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் இரண்டு மூன்று சுவர்களாகக் கட்டினார்கள். வெளித்தோல் உரிந்து விழுந்தாலும் அடுத்த முகம் நிற்கும். இந்தச் சுவர்களில் மேலிருந்து கீழாக ஓடும் நேர்க்கோட்டு இணைப்புகளும் தென்படும். ஆளுக்கு ஒரு பகுதி என்று பிரித்துக்கொண்டு தனித்தனிக் குழுக்கள் கட்டியதன் தடம் அது என்பது ஒரு விளக்கம். நமக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது.

சில இடங்களில் மூன்று, நான்கு, ஏழு கரைகள்கூட இருக்கின்றனவே?

கார்ன்வாலில் நியூகீ பக்கத்தில் உள்ள ட்ரெவெல்கி ஹெட்டில் ஏழு. எல்லாம் ஒரே மூச்சில் எழுந்தவை என்று எடுத்துக்கொள்வதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் தவறு. பல இடங்களில் ஒன்று தூர்ந்த பிறகு இன்னொன்று, தலைமுறைகள் கழித்து வேறொன்று என்று சேர்ந்திருக்கிறது.

போர்க் காரணம் சொல்பவர்கள் கவணைக் காட்டுவார்கள். 1934 முதல் 1937 வரை மார்ட்டிமர் வீலர் தென் இங்கிலாந்தின் மெய்டன் காசில் என்னும் உள்நாட்டு மலைக்கோட்டையைத் தோண்டியபோது, கடற்கரையிலிருந்து பொறுக்கி வந்த கவண்கற்கள் ஆயிரக்கணக்கில் குவியலாகக் கிடைத்தன. எதிரியை எட்டத்திலேயே நிறுத்தி, மேலிருந்து கல் வீசுவதற்காகத்தான் கரைகளை அடுக்கினார்கள் என்றார் அவர். அது அந்த இடத்துக்குப் பொருந்தலாம். 40 மீட்டர் முனைக்கு முன்னால் நான்கு கரை போட்டிருக்கும் இடங்களைப் பார்த்தால், கரைகள் பிடித்த இடம் உள்ளே மிஞ்சிய இடத்தைவிடப் பெரிதாக இருக்கும். அங்கே வருகிறவன் கண்ணில் படுவதற்கென்றே கட்டியிருக்கிறார்கள் என்று சொல்லத் தோன்றும்.

கல்முள் வேலி என்பது என்ன?

மதிலுக்கு வெளியே, நிலத்தில் நெருக்கமாக நட்டு வைத்த கூரான கற்களின் பட்டை. முழங்கால் உயரத்திலிருந்து மார்பளவு வரை இருக்கும். பல கற்கள் சாய்ந்து நிற்கும். டூன் ஏங்கஸில் உள்ளது மிகப் பெயர் பெற்றது. அதே இனிஷ்மோர் தீவின் டூன் டூகஹரிலும், பிரிட்டனியின் காஸ்டெல் கோஸிலும் இருக்கிறது. ஓடிவரும் கூட்டத்தின் வேகத்தை உடைப்பதுதான் இதன் வேலை. கற்களுக்கு நடுவே கால் வைக்க இடம் தேடி, குனிந்து, ஒவ்வொருவராக வர வேண்டியிருக்கும். டூன் ஏங்கஸில் அடித்தளமே சுண்ணாம்புப் பாறை. அதில் இயல்பாகவே நீண்ட வெடிப்புகள் உண்டு. தகட்டுக் கல்லை வெடிப்பில் செருகிச் சிறு கல்லால் ஆப்பு அடித்தால் நின்றுவிடும்.

டூன் ஏங்கஸ் உண்மையில் எவ்வளவு பழையது?

இதற்கு ஒரே ஆண்டைச் சொல்லும் பலகை எதையும் நம்ப வேண்டாம். 1990களில் டிஸ்கவரி புரோகிராம் என்ற அயர்லாந்து ஆய்வு நிறுவனத்துக்காக கிளேர் காட்டர் தலைமையில் அகழாய்வு நடந்தது. அதன்படி ஏறத்தாழ கி.மு. 1500 முதலே அங்கே ஆட்கள் இருந்திருக்கிறார்கள். கி.மு. 1100 வாக்கில் முதல் மதில் எழுந்தது. கி.மு. 800ஐ ஒட்டிய காலம்தான் அதன் உச்சம். வாளும் ஈட்டிமுனையும் வார்ப்பதற்கான களிமண் அச்சுகளின் துண்டுகள் அந்தக் காலத்தைச் சேர்ந்தவை. பிறகு நெடுங்காலம் கழித்து, கி.பி. முதல் ஆயிரத்தாண்டின் பிற்பாதியில், மதில்களை மறுபடி உயர்த்தியிருக்கிறார்கள்.

இன்று நாம் பார்க்கும் உயரத்தில் 19ஆம் நூற்றாண்டுக்கும் பங்குண்டு. 1880களில் அரசுப் பொதுப்பணித் துறை பெரிய அளவில் செப்பனிட்டது. சுவருக்கு முட்டுக்கொடுத்து நிற்கும் கட்டுகள் அப்போது வந்தவை. படமெடுத்து “மூவாயிரம் ஆண்டுப் பழைய மதில்” என்று எழுதும்போது எந்தக் கல்லைக் காட்டுகிறோம் என்று ஒரு நிமிடம் யோசிக்கலாம்.

அதன் மறுபாதி கடலில் விழுந்துவிட்டதா?

முழு வட்டமாக இருந்து பாதி விழுந்தது என்பது பழைய யூகம். சுமார் 90 மீட்டர் உயரமுள்ள அந்தப் பாறை தேய்ந்துகொண்டுதான் வருகிறது. விளிம்பை ஒட்டிய பகுதி ஓரளவு போயிருக்கும். ஆனால் பாறைவிளிம்பை நான்காவது மதிலாகக் கொண்ட கோட்டைகள் வேறு இடங்களிலும் இருக்கின்றன. ஆகவே அரைவட்டமாகவே திட்டமிட்டார்கள் என்பதை ஒதுக்கிவிட முடியாது. மதில்கள் விளிம்பைத் தொடும் கோணத்தைப் பாருங்கள். வளைந்து மூடப் பார்க்கும் மதில் வேறு, நேராக ஓடிப் பாறையில் முட்டும் மதில் வேறு.

உள்ளே குடும்பங்கள் வாழ்ந்தனவா?

சில இடங்களில் சந்தேகமே இல்லை. கார்ன்வாலின் கர்னார்ட்ஸ் ஹெட்டில் சுமார் பதினாறு வட்டவீடுகளின் தளங்கள் இருக்கின்றன. அவை முனையின் உச்சியில் இல்லை. காற்று மறைவான கிழக்குச் சரிவில், சரிவைக் குடைந்து தட்டையாக்கிய மேடைகளில் இருக்கின்றன. ட்ரெவெல்கியில் 1939இல் தோண்டிய ஒரு வட்டவீடு சுமார் 14 மீட்டர் குறுக்களவு கொண்டது; அந்த முனையில் இரும்பு உருக்கிய தடயங்களும் கிடைத்தன. உலகப்போர் வந்து அந்த அகழாய்வு பாதியில் நின்றது. முழு அறிக்கை அச்சானது 2011இல். பெம்ப்ரோக்‌ஷயரின் போர்த் உ ரா முனையிலும் பல வட்டவீடுகள் வெளிப்பட்டன; அங்கே ரோமானியர் காலத்திலும் ஆள் நடமாட்டம் இருந்திருக்கிறது.

வேறு பல முனைகளில் ஒரு பானை ஓடுகூடக் கிடைப்பதில்லை. இதை வைத்து “யாரும் வாழவில்லை” என்று முடிவு கட்டுவதற்கு முன் மண்ணைப் பார்க்க வேண்டும். கார்ன்வாலின் அமில மண்ணில் எலும்பு கரைந்துபோகும். டூன் ஏங்கஸ் நிற்கும் அரான் தீவின் சுண்ணாம்புத் தரையில் ஆட்டெலும்பும் சிப்பியும் அப்படியே கிடக்கும். இரண்டையும் ஒரே தட்டில் நிறுக்க முடியாது.

தண்ணீர்தான் உண்மையான தடை. பெரும்பாலான முனைகளில் ஊற்று இல்லை. ஸ்காட்லாந்தின் பர்க்ஹெட்டில் உள்ளதுபோலப் பாறையைக் குடைந்த நீர்க்கிணறு அபூர்வம், அதுவும் பிக்ட் மக்கள் காலத்துப் பிற்காலக் கோட்டை. மழைநீரை நம்பிச் சில நாள் தாங்கலாம். மாடுகளோடு மாதக்கணக்கில் முற்றுகையைத் தாங்க முடியாது.

இவை போரில் பயன்பட்டதற்கு நேரடிச் சாட்சி உண்டா?

ஒன்று உண்டு, அதுவும் எதிரி எழுதியது. கி.மு. 56இல் பிரிட்டனியின் தென்கரையில் இருந்த வெனெட்டி மக்களோடு ஜூலியஸ் சீசர் போரிட்டார். தன் போர்க்குறிப்பின் மூன்றாம் புத்தகத்தில் அவர்களுடைய ஊர்களை வர்ணிக்கிறார்: நிலநாக்குகளின் நுனியில் அமைந்தவை, கடல் ஏறும்போது தரைவழியாகப் போக முடியாது, வற்றும்போது கப்பல் தரைதட்டும். அணை கட்டிக் கடலைத் தடுத்து மதிலை எட்டும் நேரத்தில், உள்ளே இருப்பவர்கள் சாமான்களைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு அடுத்த முனைக்குப் போய்விடுவார்கள். மறுபடி முதலிலிருந்து. கடைசியில் கடற்போரில்தான் ரோமானியர் வென்றார்கள். நீண்ட கழியில் கட்டிய அரிவாளால் எதிரிக் கப்பல்களின் பாய்க்கயிறுகளை அறுத்தார்கள்.

இதிலிருந்து தெரிவது, கப்பல் வைத்திருப்பவனுக்குத்தான் முனைக்கோட்டை அரண். கப்பல் இல்லாதவனுக்கு அது முட்டுச்சந்து. ஆனால் வெனெட்டிக்குப் பொருந்தியதை எழுநூறு ஆண்டு முந்தைய அயர்லாந்து முனைக்கு அப்படியே நீட்டுவது சரியில்லை.

சீசர் சொன்ன இடங்களைத் தேடிப் பிரிட்டனி முனைகளை 1938, 1939இல் அளந்தவரும் அதே வீலர்தான். சில ஆண்டுகள் கழித்து இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக வந்து, 1945இல் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டைத் தோண்டினார். மண்ணடுக்கு வாரியாகத் தோண்டும் அவருடைய முறையை நம்மூர் ஆய்வாளர்கள் அங்கே நேரில் கற்றார்கள்.

அப்படியானால் கோட்டையா, வழிபாட்டிடமா, சந்தையா?

இடத்துக்கு இடம் விடை மாறும். முப்பது ஆண்டுகளுக்கு முன் எல்லாமே போர் அரண் என்றார்கள். இப்போது எல்லாமே சடங்கு என்று சொல்லும் காற்று வீசுகிறது. இரண்டுமே சோம்பல்தான். டப்ளினுக்கு வடக்கே 40 ஏக்கருக்கு மேல் பரந்த டிரமனா முனையில் ரோமானியப் பொருள்கள் கிடைத்திருக்கின்றன. அங்கே வணிகத்தைப் பேசாமல் இருக்க முடியாது. ட்ரெவெல்கியில் கோட்டைக்கும் முந்தைய வெண்கலக் கால ஈமமேடுகள் முனையிலேயே இருக்கின்றன. முன்னோர் துயிலும் இடம் என்ற நினைவு கட்டியவர்களுக்கு இருந்திருக்கலாம். ஆடுமாடுகளை ஓட்டி அடைக்க, ஆபத்துக்கு ஒதுங்க, ஆண்டுக்கொரு முறை கூட என்று ஒரே முனை பல வேலை செய்திருக்கவும் கூடும்.

காலத்தை எப்படிக் கணிக்கிறார்கள்? அதில் என்ன தவறு நேர்கிறது?

கரைக்கு அடியில் புதைந்த பழைய தரையிலிருந்து கார்பன் சோதனைக்கு ஒரு மாதிரி எடுப்பார்கள். அது கரை எழுவதற்கு முந்தையது. அகழியின் அடிவண்டலிலிருந்து இன்னொன்று. அது வெட்டிய பிறகு விழுந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கட்டிய காலம். தொல்லை மூன்று இடத்தில் வரும்.

முதலாவது, கரித்துண்டு. முந்நூறு ஆண்டு வளர்ந்த ஓக் மரத்தின் நடுவைரத்தைச் சோதித்தால், எரித்த நாளைவிட முந்நூறு ஆண்டு மூத்த விடை வரும். சுள்ளி, தானியம், கொட்டைத்தோடு போன்ற ஓராண்டுப் பொருளே நல்லது. இரண்டாவது, சிப்பியும் மீனும். கடலில் பழைய கரிமம் கலந்திருப்பதால் விடை சுமார் 400 ஆண்டு கூடுதலாக வரும், திருத்த வேண்டும். மூன்றாவதுதான் மோசம். கி.மு. 800க்கும் 400க்கும் இடையில் கார்பன் அளவை ஆண்டாக மாற்ற உதவும் வளைகோடு ஏறத்தாழ தட்டையாகக் கிடக்கிறது. இந்தக் கோட்டைகள் பல எழுந்ததும் அதே காலத்தில்தான். நல்ல மாதிரி, நல்ல ஆய்வகம், ஆனாலும் “கி.மு. 750 முதல் 400 வரை” என்று விடை வரும். ஒரே இடத்தில் மேலும் கீழுமாகப் பல மாதிரி எடுத்துப் புள்ளியியல் முறையில் நெருக்குவதும், மண் கடைசியாக வெயில் கண்ட நாளைக் கணிக்கும் ஒளிர்வு முறையைக் கூடச் சேர்ப்பதும்தான் வழி.

ஒரு முனையில் நிற்கிறேன். இது கோட்டையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

போகும் காலம் முக்கியம். பிப்ரவரி, மார்ச்சில் பெரணி மடிந்து கிடக்கும். காலையிலோ மாலையிலோ தாழ்ந்த வெயிலில் அரையடி மேடும் நிழல் விழுத்தும். ஜூலையில் போனால் இடுப்பளவுப் பெரணியைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள்.

கழுத்தின் மிகக் குறுகிய இடத்துக்குப் போய் நில்லுங்கள். குறுக்கே மேடு ஓடுகிறதா? ஓடினால் பள்ளம் எந்தப் பக்கம் என்று பாருங்கள். நிலப்பக்கம் பள்ளம், கடல்பக்கம் மேடு என்றால் நல்ல அறிகுறி. வயல்வரப்பாக இருந்தால் இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், கழுத்தைத் தாண்டியும் வயலுக்குள் ஓடும். அடுத்து வாசல்: அகழியை வெட்டாமல் விட்ட மண்பாலமும், அதற்கு நேரே கரையில் இடைவெளியும் இருந்தால் சந்தேகம் பாதி தீர்ந்தது. பாலமில்லாத வெறும் இடைவெளி, பிற்காலத்தில் டிராக்டருக்காக உடைத்ததாக இருக்கலாம். கடைசியாக உட்புறத்தில் காற்று மறைவான சரிவைப் பாருங்கள். ஐந்து முதல் எட்டு மீட்டர் குறுக்களவில், தட்டில் கடைந்ததுபோன்ற சமதளங்கள் வீட்டு மேடைகளாக இருக்கலாம்.

ஏமாற்றுபவை: இயற்கைப் பாறை வரிசை, உருளைக்கிழங்கு போட்ட பாத்திகளின் வரிவரியான மேடுகள், முயல் வளர்க்கப் போட்ட நீள்மேடுகள், இரண்டாம் உலகப்போர்க் காவல்குழிகள். பெயரையும் கேட்டுப் பாருங்கள். கார்ன்வாலில் “டினாஸ்”, அயர்லாந்தில் “டூன்”, பிரிட்டனியில் “காஸ்டெல்” என்று ஒட்டியிருந்தால் ஊர்க்காரர்கள் உங்களுக்கு முன்பே கண்டுவிட்டார்கள் என்று பொருள்.

பிற்காலத்தவர்கள் இவற்றை என்ன செய்தார்கள்?

நல்ல முனையை யாரும் சும்மா விடுவதில்லை. டிரமனாவில் நெப்போலியன் பயத்தில் மார்ட்டெல்லோ என்னும் வட்டமான பீரங்கிக் கோபுரம் ஒன்று எழுந்தது. பர்க்ஹெட்டில் 1805ஐ ஒட்டிப் புதிய ஊரும் துறைமுகமும் கட்டுவதற்காகக் கோட்டையின் பெரும்பகுதியை இடித்தார்கள். அங்கே இருந்த காளை உருவம் பொறித்த கற்களில் ஆறுதான் மிஞ்சியது. கார்ன்வாலின் ட்ரெரின் டினாஸுக்குள் தொட்டால் ஆடும் சுமார் 80 டன் எடையுள்ள லோகன் பாறை இருக்கிறது. 1824இல் கோல்ட்ஸ்மித் என்ற கடற்படை லெப்டினன்ட் தன் ஆட்களோடு வந்து அதைத் தள்ளி விழவைத்தார். ஊரே கொதித்தது. கடற்படையிடம் கப்பியும் சங்கிலியும் இரவல் வாங்கி அதே ஆண்டில் திரும்ப ஏற்றிவைக்க வேண்டியதாயிற்று. பாறை முன்போல லேசாக ஆடவில்லை என்பது ஊரார் குறை.

உண்மையிலேயே இடிந்து விழுந்துகொண்டிருக்கின்றனவா?

ஆம். அயர்லாந்தின் டிங்கிள் தீபகற்பத்தில் உள்ள டன்பெக்கைப் பாருங்கள். நான்கு மண்கரை, ஐந்து அகழி, அவற்றுக்குப் பின்னால் தடித்த கல்மதில், வாசலுக்கு அடியில் ஓடும் கல்சுரங்கம், உள்ளே வெளிப்புறம் வட்டமாகவும் உட்புறம் சதுரமாகவும் கட்டிய ஒரு கல்வீடு. 1977இல் அகழாய்வு நடந்தது. மதிலுக்கு அடியில் இருந்த பழைய அகழி கி.மு. 6ஆம் நூற்றாண்டை ஒட்டியது. கல்வீட்டில் ஆள் இருந்தது கி.பி. 10, 11ஆம் நூற்றாண்டுகளில். 2014 ஜனவரிப் புயலில் வாசலை ஒட்டிய மதிலின் ஒரு பகுதி கடலுக்குப் போனது. அதன்பின் வந்த புயல்களிலும் சேதம்.

அலை மட்டும் காரணம் என்று நினைப்பார்கள். பாதிதான் சரி. இந்தக் கரைகளில் பல இடங்களில் அடியில் பாறை, மேலே பனியாறு விட்டுப்போன களிமண்ணும் கூழாங்கல்லும் கலந்த படிவு. அலை அடியைக் குடைகிறது. மேலே மழைநீர் படிவுக்குள் இறங்கிக் கனமாக்குகிறது. அகழியே நீரைச் சேர்த்து விளிம்புக்கு ஓட்டும் வாய்க்காலாகிவிடுகிறது. முயல்வளை துளை போடுகிறது, நடைபாதை புல்லை உரிக்கிறது. ஒரு நீண்ட மழைக்குப் பிறகு, கடல் அமைதியாக இருக்கும் நாளில்கூடத் துண்டம் கழன்று விழும்.

கற்களை அடுக்கி அலையைத் தடுக்கக் கூடாதா?

பெரும்பாலும் கூடாது. செலவு ஒரு பக்கம் இருக்க, ஓரிடத்தில் தடுத்தால் அலை பக்கவாட்டில் திரும்பி அடுத்த இடத்தைத் தின்னும். எனவே “போவதற்குள் பதிவு செய்” என்பதே நடைமுறை. 2017 முதல் 2023 வரை அயர்லாந்தும் வேல்ஸும் சேர்ந்து நடத்திய செரிஷ் திட்டம், டிரோனாலும் லேசர் அளவீட்டாலும் முனைகளைத் திரும்பத் திரும்ப அளந்து, எங்கே எவ்வளவு போகிறது என்று ஒப்பிட்டது. ஸ்காட்லாந்தில் ஸ்கேப் அறக்கட்டளை கரையோர மக்களையே பதிவுக்குப் பழக்குகிறது. நீங்களும் செய்யலாம்: ஒரே இடத்தில் நின்று, ஒரே திசையில், அளவுகோல் ஒன்று சட்டத்துக்குள் வர, ஆண்டுதோறும் ஒரு படம். நிலையான ஒரு பாறையோ வேலிக்கம்பமோ படத்தில் இல்லாவிட்டால் பிறகு ஒப்பிட முடியாது. பலர் எடுக்கும் படங்கள் வீணாவது இதனால்தான்.

போய்ப் பார்க்க எது எளிது?

டூன் ஏங்கஸ். அயர்லாந்தின் ரோசாவீல் துறையிலிருந்து படகு, சுமார் 40 நிமிடம்; கில்ரோனனில் இறங்கி மேற்கே சைக்கிளிலோ வேனிலோ கில்முர்வி வரை; அங்கிருந்து ஒரு கிலோமீட்டர் கல்பாதை ஏற்றம். விளிம்பில் தடுப்பு கிடையாது. காற்று பலமாக இருந்தால் நின்று எட்டிப் பார்க்காதீர்கள், படுத்துப் பாருங்கள். கூட்டம் பிடிக்காதவர்கள் அதே தீவின் டூன் டூகஹருக்குப் போகலாம். கழுத்தை மறிக்கும் மதில் அங்கேதான் தெளிவாகத் தெரியும். ஒரே பயணத்தில் பல முனைகள் வேண்டுமானால் பெம்ப்ரோக்‌ஷயர் கடலோர நடைபாதை. டன்பெக்குக்குப் போகுமுன் உள்ளே விடுகிறார்களா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

வழுக்காத ஷூ கட்டாயம். மழைக்குப் பின் புல்சரிவு சோப்பு போல இருக்கும். மதில்மேல் ஏறாதீர்கள், சாந்தில்லாத சுவரில் மேல்கல் ஒன்று நகர்ந்தால் மழைநீருக்கு வழி திறந்தாயிற்று.

மெட்டல் டிடெக்டர் கொண்டுபோகலாமா?

கூடாது. பிரிட்டனில் பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் அனுமதியின்றிப் பயன்படுத்துவது 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அயர்லாந்தில் தொல்பொருள் தேட டிடெக்டர் எடுப்பதற்கே அரசு அனுமதி வேண்டும். சரிவில் தானாக உதிர்ந்து கிடக்கும் ஓட்டைக் கண்டால் எடுக்காமல், பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் பிடித்து, இடக்குறிப்போடு உள்ளூர்த் தொல்லியல் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். அது எந்த அடுக்கிலிருந்து நழுவியது என்பதைப் படத்திலிருந்தே அவர்கள் பல நேரம் சொல்லிவிடுவார்கள். கையில் எடுத்துக்கொண்டு போன ஓட்டைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது.